தீவு கரைந்தது, விளக்கு மட்டும் நிற்கிறது

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஃபாலி பீச் என்ற சின்னக் கடற்கரை ஊர். அந்த ஊரின் வடகோடி வரை நடந்து போய்ப் பார்த்தால் கடல் தண்ணீருக்கு நடுவே ஒற்றையாக ஒரு கோபுரம் தெரியும். வீடு இல்லை, மரம் இல்லை, சுற்றிலும் நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வெளுத்துப் போய், உள்ளே இருக்கும் செங்கல் நிறம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'கடலுக்குள்ளே போய் எப்படிக் கட்டினார்கள்?' என்று ஆச்சரியப்படுவார்கள். கடலுக்குள் கட்டவே இல்லை என்பதுதான் விஷயம். கட்டும்போது கடல் ஏறத்தாழ 1,200 அடி தள்ளி இருந்தது. கோபுரம் நகரவில்லை, அது நின்ற தீவுதான் அதன் காலடியிலிருந்து நழுவிப் போனது.

அந்தத் தீவின் பெயர் மோரிஸ் தீவு. அதைக் கரைத்தது யார் என்று தேடிப் போனால், புயல், பூகம்பம், போர் என்று வரிசையாகச் சந்தேகப்பட ஆட்கள் கிடைப்பார்கள். எல்லாமே அங்கே நடந்தவைதான். ஆனால் உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. அந்தத் துறைமுகத்தின் வியாபாரம்தான் காரணம். அந்த வியாபாரத்துக்காகத்தான் விளக்கையே கட்டினார்கள் என்பது இன்னும் பெரிய வேடிக்கை.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

சார்ல்ஸ்டனில் முதல் கலங்கரை விளக்கத்துக்கு 1767 மே 30 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அப்போது அமெரிக்கா என்று ஒரு நாடே கிடையாது, அது பிரிட்டிஷ் காலனி. அரிசியும் அவுரியும் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தன. இறக்குமதியில் முக்கியமான ஒன்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலம் அதிகம் பேசியதில்லை. அது மனிதர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் மிகப் பெரிய பங்கு இந்தத் துறைமுகம் வழியாகத்தான் உள்ளே போனது. அந்தக் கப்பல்களுக்கும் இதே விளக்குதான் வழி காட்டியது. கலங்கரை விளக்கம் என்றாலே தியாகம், நம்பிக்கை என்று உருகி எழுதுகிற வழக்கம் உண்டு. விளக்குக்கு அப்படி எந்த மனசாட்சியும் கிடையாது. வருகிற கப்பல் எதுவானாலும் வெளிச்சம் காட்டும், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1789ல் கலங்கரை விளக்கங்கள் எல்லாவற்றையும் மத்திய அரசின் பொறுப்பில் கொண்டுவர ஒரு சட்டம் போட்டார்கள். புதிய அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட முதல் சில சட்டங்களில் அதுவும் ஒன்று. வரி வசூலுக்கு அடுத்தபடியாக விளக்கைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். கப்பல் வந்தால்தானே சுங்க வரி! அப்படிக் கைமாறிய ஒரு டஜன் காலனி கால விளக்கங்களில் சார்ல்ஸ்டனும் ஒன்று.

1838ல் பழைய கோபுரத்துக்குப் பதிலாக 102 அடி உயரத்தில் இரண்டாவது கோபுரம் எழுந்தது. 1858ல் அதற்கு ஃபிரெனல் லென்ஸ் வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனல் கண்டுபிடித்த அமைப்பு அது. கண்ணாடிப் பட்டகங்களை வட்ட வட்டமாக அடுக்கி, எல்லாப் பக்கமும் சிதறுகிற வெளிச்சத்தை ஒரே கற்றையாகத் திருப்பிவிடும். ஒரு எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தைப் பல மைல் தூரத்துக்குக் கொண்டு போகும் தந்திரம். அந்தக் காலத்துக்கு அது உச்சகட்டத் தொழில்நுட்பம்.

மூன்றே வருடம்தான் ஓடியது. 1861ல் உள்நாட்டுப் போர் வெடித்தது.

போரின் முதல் குண்டு எங்கே வெடித்தது என்று கேட்டால் எல்லோரும் சம்டர் கோட்டை, 1861 ஏப்ரல் 12 என்று சொல்வார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜனவரி 9 அன்று, சம்டர் கோட்டைக்குச் சாமான் ஏற்றி வந்த 'ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட்' என்ற கப்பலை நோக்கி ராணுவக் கல்லூரி மாணவர்கள் பீரங்கி சுட்டார்கள். சுட்ட இடம் மோரிஸ் தீவு! கப்பல் திரும்பிப் போய்விட்டது.

போர் தொடங்கியதும் தெற்குக்காரர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தங்கள் விளக்கைத் தாங்களே அணைத்தது. எதிரிக் கப்பலுக்கு நாமே ஏன் வழி காட்ட வேண்டும் என்ற கணக்கு. பிறகு கோபுரத்தையே தகர்த்துவிட்டார்கள். வடக்குக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களை வாங்கி, வயிறு நிறையக் கல்லை நிரப்பிக் கொண்டுவந்து, 1861 டிசம்பரில் துறைமுக வாயிலிலேயே மூழ்கடித்தார்கள். பாதையை அடைத்துவிடலாம் என்று திட்டம். கொஞ்ச நாளில் தண்ணீர் வேறு வழியைத் தோண்டிக்கொண்டு போய்விட்டது. இந்த வாயிலில் மணலும் நீரும் மனிதன் சொன்னபடி கேட்காது என்பதற்கு அது முதல் பாடம். யாரும் படித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1863ல் மோரிஸ் தீவு ரத்தக் களமானது. தீவின் வடபகுதியில் தெற்குப் படைகள் மணலாலும் பனை மரத் தடிகளாலும் எழுப்பிய வாக்னர் கோட்டை இருந்தது. அதைப் பிடித்தால் சம்டரையும் சார்ல்ஸ்டனையும் பீரங்கி எட்டும் தூரத்தில் கொண்டுவந்துவிடலாம். ஜூலை 18 மாலை, மாசசூசெட்ஸ் 54வது படைப்பிரிவு முன்னால் நின்று தாக்கியது. வடக்கு மாநிலங்களில் திரட்டப்பட்ட முதல் கறுப்பினப் படைப்பிரிவுகளில் அது ஒன்று. ஏறத்தாழ 600 பேர் போனார்கள். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். ராபர்ட் கூல்ட் ஷா என்ற இளம் வெள்ளைக்காரத் தளபதியும் கோட்டைச் சுவர் மேலேயே விழுந்தார். அவமானப்படுத்துவதாக நினைத்து, அவரை அவருடைய கறுப்பினச் சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அவருடைய அப்பாவோ, மகன் அங்கேயே தன் ஆட்களோடு இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1989ல் வந்த 'க்ளோரி' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

தாக்குதல் தோற்றது. ஆனால் முற்றுகை தொடர்ந்து, செப்டம்பர் 7 அன்று கோட்டை காலியாகி வடக்கின் கைக்கு வந்தது. அந்த முற்றுகையை நடத்திய ஜெனரலின் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: குயின்சி ஆடம்ஸ் கில்மோர். படிப்பால் எஞ்சினியர். சுண்ணாம்பு, சிமெண்ட், காரை பற்றிப் புத்தகம் எழுதியவர். தீவுக்குப் பின்னால் இருந்த சேற்று நிலத்தில் மேடை கட்டி, அதில் ஒரு ராட்சத பீரங்கியை ஏற்றிச் சார்ல்ஸ்டன் ஊருக்குள்ளேயே குண்டு போட்டவர். 36வது முறை சுடும்போது அந்த பீரங்கியே வெடித்துவிட்டது என்பது தனிக் கதை.

போர் முடிந்தபோது சார்ல்ஸ்டன் பாதி இடிபாடு. வியாபாரத்தை மறுபடி எழுப்ப வேண்டும். அதற்கு முதலில் விளக்கு வேண்டும். 1873ல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. இந்த முறை சாதாரணமாகக் கட்டவில்லை. மணலுக்குள் 50 அடி ஆழத்துக்கு மரத் தூண்களை அடித்து இறக்கி, அதன் மேல் 8 அடி கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, அதற்கும் மேலே செங்கல்லால் 161 அடி உயரத்துக்கு எழுப்பினார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 1,50,000 டாலர். 1876 அக்டோபர் 1 அன்று விளக்கு எரிந்தது.

அங்கே ஒரு குட்டி ஊரே இருந்தது. காவலரும் இரண்டு உதவியாளர்களும் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். வீடு, கிடங்கு, கொட்டகை எல்லாம் சேர்த்துப் பதினைந்து கட்டடங்கள் வரை. பிள்ளைகளுக்கு ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும் உண்டு. டீச்சர் திங்கட்கிழமை படகில் வந்து வெள்ளிக்கிழமை திரும்பிப் போவார். அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட இடத்துக்கு மட்டும் பஞ்சமே இருந்திருக்காது.

புதிய கோபுரத்துக்குச் சோதனைகள் சீக்கிரமே வந்தன. 1885ல் பெரும்புயல். அடுத்த வருடம் ஆகஸ்ட் 31 இரவு, அமெரிக்கக் கிழக்குக் கரை அதுவரை கண்டிராத பூகம்பம். சார்ல்ஸ்டனில் ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். கோபுரத்தில் இரண்டு இடத்தில் விரிசல் விட்டது, லென்ஸ் இடம் பெயர்ந்தது. சரிசெய்து மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஆக, இயற்கை மோதிப் பார்த்தது, கோபுரம் அசரவில்லை.

அதே நேரத்தில் துறைமுக வாயிலில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பார்க்கப் போனால் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

சார்ல்ஸ்டனுக்குப் பழைய தலைவலி ஒன்று உண்டு. துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு மணல் திட்டு. நீர் வற்றும் நேரத்தில் அதன் மேல் ஆழம் ஏறத்தாழ 12 அடிதான். பாய்மரக் கப்பல் காலத்தில் எப்படியோ ஓட்டினார்கள். நீராவிக் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போனபோது 12 அடி எந்த மூலைக்கு? கப்பல்கள் ஆழம் உள்ள வேறு துறைமுகத்தைத் தேடிப் போய்விடும். ஊரின் வாழ்வா சாவா பிரச்சினை அது. அதைத் தீர்க்க 1878ல் ராணுவ எஞ்சினியர் பிரிவு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வாயிலின் இரண்டு பக்கமும் கடலுக்குள் ஏறத்தாழ மூன்று மைல் நீளத்துக்குக் கற்சுவர்கள் (ஜெட்டி என்பார்கள்). கட்டைகளைப் பாய் போலப் பின்னிக் கடலடியில் விரித்து, அதன் மேல் பாறைகளைக் கொட்டுவது. வற்றும் நீர் இந்த இரண்டு சுவருக்கு நடுவே குவிந்து வேகமாக ஓடும், தானாகவே மணலை அரித்துப் பாதையை ஆழமாக்கும். குறிக்கோள் 21 அடி.

திட்டம் போட்டவர் யார் தெரியுமா? அதே கில்மோர்தான்! பதினைந்து வருடம் முன்னால் பீரங்கி வைத்து மோரிஸ் தீவைப் பிடித்தவர், இப்போது அதே ஊரின் வியாபாரத்தைக் காப்பாற்ற வரைபடம் போட்டார். 1888ல் அவர் இறந்துபோனார். சுவர்கள் முடிய 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

திட்டம் வெற்றியா என்றால், முழு வெற்றி. பாதை ஆழமானது, பெரிய கப்பல்கள் வந்தன. விலை கொடுத்தது பக்கத்துத் தீவு.

அந்தக் கடற்கரையில் மணல் ஒரு இடத்தில் நிற்காது. அலைகள் அதை வடக்கிலிருந்து தெற்காகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தீவும் தெற்குப் பக்கத்துக்குக் கொஞ்சம் மணலைக் கொடுக்கும், வடக்கிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறவரை தீவு இருக்கும். நடுவில் மூன்று மைல் நீளத்துக்குச் சுவர் வைத்தால்? வடக்குப் பக்கம் மணல் வந்து தேங்கும். தெற்குப் பக்கம் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நிற்காது. இந்தக் கணக்குக்கு பி.காம். படித்திருக்கத் தேவையில்லை. வடக்கே இருந்த சல்லிவன்ஸ் தீவு மணல் சேர்ந்து வளர்ந்தது. தெற்கே இருந்த மோரிஸ் தீவு தேய்ந்தது. போதாக்குறைக்கு, அதுவரை தீவை அலையிலிருந்து மறைத்து நின்ற வெளி மணல் திட்டுகளும் கலைந்துபோயின. பழைய கப்பல் பாதை தெற்கே வளைந்து மோரிஸ் தீவை ஒட்டிப் போகும். புதிய பாதை சுவர்களுக்கு நடுவே நேராகப் போனது. கப்பல்களும் தீவை விட்டு விலகிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விளக்கு எரிந்தது 1876ல், சுவர் வேலை தொடங்கியது 1878ல். நடுவில் இரண்டே வருடம். கலங்கரை விளக்கங்கள் அப்போது நிதித்துறையின் கீழே இருந்தன, துறைமுக வேலை போர்த்துறையின் கீழே. துறை வேறு என்றாலும், விளக்கு கட்டும் வேலைகளைப் பார்த்தவர்களும் ராணுவ எஞ்சினியர்கள்தான். ஒரு கை 1,50,000 டாலர் செலவு செய்து கட்டியதன் அடிமண்ணை இன்னொரு கை எடுத்துவிட்டது. இரண்டு செலவும் ஒரே கஜானாவிலிருந்து!

பொருளாதாரத்தில் இதற்குப் 'புறச்செலவு' என்று பெயர். ஒருவர் லாபம் பார்க்கும் வேலையின் செலவில் ஒரு பகுதி, அந்தப் பேரத்திலேயே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவது. துறைமுகத்தின் வரவு செலவுக் கணக்கில் கல்லின் விலை இருந்தது, கூலி இருந்தது, கட்டையின் விலை இருந்தது. மோரிஸ் தீவு இல்லை.

தீவு ஒரே நாளில் போய்விடவில்லை. வருடத்துக்குக் கொஞ்சமாகப் போனது. 1938ல் அலை கோபுரத்தின் காலடிக்கே வந்துவிட்டது. அந்த வருடம் விளக்கைத் தானியங்கியாக மாற்றி, காவலர்களை வெளியேற்றினார்கள். வீடுகளைப் பிரித்தெடுத்தார்கள், அடித்தளத்தைச் சுற்றி எஃகுத் தகடுகளை இறக்கினார்கள், பெரிய ஃபிரெனல் லென்ஸையும் கழற்றி எடுத்துப் போனார்கள். அதன் பிறகு இருபத்து நான்கு வருடம் ஆளில்லாமலே எரிந்தது. வாக்னர் கோட்டை இருந்த இடத்தையும் கடல் எடுத்துக்கொண்டது. 54வது படைப்பிரிவு ஓடி வந்த மணல் இன்று எங்கே என்று கேட்டால், கடலைத்தான் காட்ட வேண்டும். பூகம்பம் செய்யாததை, போர் செய்யாததை, சத்தமே இல்லாமல் ஒரு வளர்ச்சித் திட்டம் செய்துவிட்டது.

1962 ஜூன் 15 அன்று மோரிஸ் தீவு விளக்கு நிரந்தரமாக அணைந்தது. அதே நாளில் வாயிலின் மறுபக்கம் புதிய விளக்கு எரிந்தது. முக்கோண வடிவம், 140 அடி உயரம், உள்ளே லிஃப்ட், ஏ.சி.! முதலில் 2.8 கோடி மெழுகுவர்த்தி ஒளித்திறன் வைத்து, கண் கூசுகிறது என்று பிறகு குறைத்துவிட்டார்கள். அதைக் கட்டிய இடம் சல்லிவன்ஸ் தீவு. ஆமாம், மணல் சேர்ந்து வளர்ந்த அதே வடக்குப் பக்கம். நிலம் போன பக்கத்து விளக்கை அணைத்து, நிலம் வந்த பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

பழைய கோபுரத்தை இடித்துவிடலாம் என்று கடலோரக் காவல்படை நினைத்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பிறகு அது தனியாரிடம் விற்பனைக்குப் போய்க் கைமாறியது. கடலுக்கு நடுவே நிற்கும் கோபுரத்தை வாங்கி என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியவில்லை. 1989ல் ஹியூகோ புயல் வந்தபோதும் அப்படியே நின்றது. 1999ல் 'சேவ் தி லைட்' என்ற உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு 75,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே ஒரே ஒரு டாலருக்கு மாநில அரசிடம் கொடுத்துவிட்டு, காப்பாற்றும் பொறுப்பை 99 வருடக் குத்தகையில் திரும்ப வாங்கிக்கொண்டது.

அதே 1999ல்தான் பக்கத்து மாநிலமான வட கரோலினாவில் கேப் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி 2,900 அடி உள்ளே நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் நிலம் இருந்தது, நகர்த்த முடிந்தது. மோரிஸ் தீவு விளக்குக்கு நகர்ந்து போக நாலு பக்கமும் நிலமே கிடையாது. நின்ற இடத்திலேயேதான் பிழைக்க வேண்டும்.

பிரச்சினை மேலே தெரியும் செங்கல்லில் இல்லை, கீழே இருந்தது. மரத் தூண்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தவரை கல் மாதிரி இருந்தன. மணல் விலகி உப்புத் தண்ணீர் பட்டதும் கப்பல் புழு பிடித்துக்கொண்டது. மரக் கப்பல்களின் அடியைத் துளைத்துத் தின்னும் அதே உயிரினம்தான். 2008ல் கோபுரத்தைச் சுற்றி வட்டமாக எஃகுத் தகடுகளை இறக்கி ஒரு வேலி போட்டார்கள். 2010ல் அடித்தளத்துக்குள் துளையிட்டு மெல்லிய இரும்புத் தூண்களை ஆழத்துக்கு இறக்கி, கான்கிரீட்டால் நிரப்பினார்கள். சாய்ந்ததை நிமிர்த்தவில்லை, இதற்கு மேல் சாயாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, தீவைக் கரைத்ததற்கு யாராவது பொறுப்பேற்றார்களா? ஒரு வகையில் ஆமாம், மோரிஸ் தீவுக்காக அல்ல. அதற்கும் தெற்கே இருந்த ஃபாலி தீவும் இதே சுவர்களால் தேய்ந்துகொண்டிருந்தது. அங்கே வீடும் ஓட்டலும் ஓட்டுப் போடும் மக்களும் இருந்தார்கள். 1987ல் ராணுவ எஞ்சினியர் பிரிவே ஆய்வு செய்து, ஃபாலியின் அரிப்பில் 57 சதவீதம் இந்தக் கற்சுவர்களால்தான் என்று ஒப்புக்கொண்டது. அதன் பேரில் 1993ல் மத்திய அரசு செலவின் பெரும்பங்கை ஏற்று அங்கே மணலைக் கொட்டியது. அந்த மணலையும் கடல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, மறுபடி மறுபடி கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுவர் வேலை தொடங்கி நூறு வருடத்துக்கும் மேல் கழித்து பில் வந்தது. ஆள் இல்லாத மோரிஸ் தீவுக்கு அந்த பில்லை நீட்டக்கூட யாரும் இல்லை.

கில்மோரின் சுவர்கள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே போகும் பாதையை 2022 டிசம்பரில் 52 அடி வரை ஆழப்படுத்தி முடித்தார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையிலேயே ஆழமான துறைமுகம் என்ற பெயர் சார்ல்ஸ்டனுக்குக் கிடைத்தது. பெட்டி பெட்டியாகச் சரக்கு அடுக்கிய ராட்சதக் கப்பல்கள், தெற்கே தண்ணீரில் நிற்கும் அந்தக் கோபுரத்தைத் தூரத்தில் விட்டுவிட்டு உள்ளே போகின்றன.